படகுக்கு அடியில் எத்தனை அடி?

மார்க் ட்வைன் என்ற அமெரிக்க எழுத்தாளரைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் ஸாமுவேல் கிளெமன்ஸ். 'மார்க் ட்வைன்' என்பது உண்மையில் மனிதரின் பெயரே அல்ல, தண்ணீரின் ஆழம்! மிஸிஸிப்பி நதியில் நீராவிக் கப்பல்கள் ஓடிய காலத்தில், கப்பலின் முன்புறத்தில் ஒருவன் நின்று, ஈயக் குண்டு கட்டிய கயிற்றைத் தண்ணீரில் விட்டுக்கொண்டே இருப்பான். கிணற்றில் வாளியை விட்டு ஆழம் பார்ப்பதைப் போலத்தான். கயிற்றின் இரண்டாவது பாகத்துக் குறி வரை நனைந்தால், "மார்க் ட்வைன்!" என்று கூவுவான். 'பன்னிரண்டு அடி ஆழம், பயமில்லை' என்று அர்த்தம். பாகம் என்பது இரு கைகளையும் விரித்த அளவு, அதாவது ஆறடி. நம் மீனவர்களுக்கும் பழக்கமான கணக்குத்தான் இது.

அதே மிஸிஸிப்பி நதி, மின்னஸோட்டா மாகாணத்தின் எல்லையில் பெப்பின் ஏரியாக அகன்று விரிகிறது. அங்கே 1922-ல் ரால்ஃப் ஸாமுவெல்ஸன் என்ற இளைஞருக்கு ஒரு விசித்திரமான ஆசை பிறந்தது. பனியில் சறுக்குவதைப் போலத் தண்ணீரிலும் சறுக்கினால் என்ன? இரண்டு பைன் பலகைகளை வாங்கினார். அவற்றின் நுனிகளைத் தம் தாயாரின் செப்புக் கொப்பரையில் வேகவைத்து வளைத்தார். (அந்த அம்மாளின் பொறுமையை மெச்சத்தான் வேண்டும்!) மோட்டார் படகு கயிற்றால் இழுக்க, பலகைகளின் மேல் நின்று சறுக்கியும் காட்டினார். இப்படிப் பிறந்ததுதான் 'வாட்டர் ஸ்கீ' விளையாட்டு.

விளையாட்டு வளர வளர, அதற்கென்றே தனிப் படகுகள் வந்தன. 1961-ல் கரெக்ட் கிராஃப்ட் கம்பெனி வெளியிட்ட 'ஸ்கீ நாட்டிக்' அவற்றில் பெயர் பெற்றது. இத்தகைய பழைய படகுகளை இன்றும் அமெரிக்காவில் பல குடும்பங்கள் மெருகு குலையாமல் பாதுகாத்து வருகின்றன.

சாதாரண மோட்டார் படகில் யந்திரம் பின்புறம் தொங்கும். ஆழம் குறைந்தால் அதைத் தூக்கிக்கொள்ளலாம். ஸ்கீ படகில் யந்திரம் படகின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. அதிலிருந்து ஒரு நீண்ட தண்டு அடித்தளத்தைத் துளைத்துச் சாய்வாக இறங்குகிறது. தண்டின் முனையில் விசிறி, அதற்குப் பின்னால் சுக்கான். இவை எல்லாம் படகுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருப்பவை. தூக்க வழியில்லை. வேகத்தில் ஒரு மணல் திட்டில் மோதினால் விசிறி நசுங்கும், தண்டு வளையும், அடித்தளமே பிளந்து தண்ணீர் உள்ளே வரவும் கூடும்.

இதைவிடப் பெரிய அபாயம் ஒன்று உண்டு. படகு சட்டென்று நிற்கும். கயிற்றைப் பிடித்து வருகிறவரோ நிற்க மாட்டார். முழங்கால் அளவுத் தண்ணீரில் போய் விழுவார். அது தண்ணீரில் விழுவது அல்ல, தரையில் விழுவது!

'பழகிய ஏரிதானே' என்று சும்மா இருக்க முடியாது. அணை கட்டித் தேக்கிய ஏரிகளில் நீர்மட்டம் ஏறும், இறங்கும். 2022 கோடையில் மீட் ஏரி, 1930-களில் முதன்முதலாக நிரம்பிய பிறகு என்றுமே காணாத அளவுக்குத் தாழ்ந்தது. மூழ்கிக் கிடந்த இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் படகு ஒன்றே வெளியில் தலைகாட்டிற்று.

ஆகவேதான் பழைய ஸ்கீ படகுக்கு ஆழம் காட்டும் மீட்டர் ஒன்றைப் பொருத்த விரும்புகிறார்கள். இதன் உயிர்நாடி, மின்சாரம் பட்டால் அதிரும் ஒரு சிறு வில்லை. அழுத்தத்துக்கும் மின்சாரத்துக்கும் உள்ள இந்த உறவை 1880-ல் பளிங்குகளில் முதலில் கண்டவர்கள், மேரி கியூரி அம்மையாரின் கணவர் பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக்கும். வில்லை எழுப்பும் ஒலி தரையில் பட்டுத் திரும்புகிறது. தண்ணீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்லும். மூன்று மீட்டர் ஆழமானால், போய்வர ஒரு விநாடியில் 250-ல் ஒரு பங்கு நேரம் போதும்!

சரி, இந்த வில்லையை எங்கே வைப்பது? படகின் பின்புறத்தில் வைத்தால், விசிறி கிளப்பும் நுரையும் குமிழிகளும் ஒலியைக் குழப்பிவிடும். அடித்தளத்தில் துளை போடலாம். ஆனால் அருமையாகக் காப்பாற்றிய பழைய படகில் துளையிட யாருக்கு மனம் வரும்?

இதற்கு ஓர் உபாயம் இருக்கிறது. அடித்தளம் கெட்டியான கண்ணாடியிழையாக இருந்தால், ஒலி அதை ஊடுருவிச் செல்லும். விசிறிக்கு முன்னால், படகு ஓடும்போதும் தண்ணீரை விட்டு எழும்பாத இடமாகப் பார்த்து, உட்புறத்திலேயே எபாக்ஸி பசையால் ஒட்டிவிடலாம். பசையில் காற்றுக் குமிழி இருக்கக் கூடாது. மரமோ நுரைப் பொருளோ இடையில் இருந்தாலும் பலிக்காது. அதனால், ஒட்டுவதற்கு முன்பே தண்ணீர் நிறைந்த பிளாஸ்டிக் பைக்குள் வில்லையைப் போட்டு அந்த இடத்தில் வைத்து, ஏரியில் பரீட்சை பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

பிறகு ஒரு திருத்தம் செய்ய வேண்டும். மீட்டர் காட்டுவது வில்லையிலிருந்து தரை வரை உள்ள ஆழம். விசிறி அதற்கும் கீழே இருக்கிறதே! அந்த வித்தியாசத்தை அளந்து, மீட்டரில் கழித்து வைக்க வேண்டும். இதை மறந்தால், 'இரண்டடி இருக்கிறது' என்று மீட்டர் சொல்லும்போதே விசிறி மணலை உழுதுகொண்டிருக்கும்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். மணிக்கு 36 மைல் வேகத்தில் படகு ஒரு விநாடியில் 52 அடிக்கு மேல் பாய்ந்துவிடும். மீட்டர் சொல்வதோ, இந்தக் கணத்தில் படகுக்கு அடியில் உள்ள ஆழத்தை மட்டுமே. எதிரே வரும் திட்டு அதற்குத் தெரியாது. அபாய மணி ஒலித்த பிறகு திருப்ப நினைத்தால் காரியம் மிஞ்சிவிடும்.

எனவே மீட்டரை விளையாட்டின்போது அல்ல, விளையாட்டுக்கு முன்பு பயன்படுத்த வேண்டும். யாரையும் இழுக்காமல், போகப்போகிற பாதை முழுவதும் ஒரு தடவை மெதுவாகப் படகை ஓட்டுங்கள். பாதையின் இருபுறமும், திரும்பும் இடங்களிலும் ஆழத்தைப் பாருங்கள். அப்புறம் கயிற்றை எடுக்கலாம். பத்து நிமிஷ வேலைதான். கயிற்றின் மறுமுனையில் வரப்போவது நம் வீட்டுக் குழந்தையாக இருந்தால், அந்தப் பத்து நிமிஷம் அதிகமா என்ன?