காக்கா முழுக்கக் கறுப்பா? பறவைகளை வரையும் 'நேச்சர் ஜர்னலிங்': தொடங்குவது எப்படி?

ஒரு சின்ன டெஸ்ட். கிடைக்கிற பேப்பரில், நினைவிலிருந்து ஒரு காக்காவை வரைந்து பாருங்கள்.

பலரும் அதை முழுக்கக் கறுப்பாகத் தீட்டிவிடுவார்கள். ஆனால் நம் தெருவில் தினமும் கரையும் வீட்டுக் காகத்துக்குக் கழுத்தும் மார்பும் சாம்பல் நிறம். முழுக் கறுப்பாக, தடித்த அலகோடு இருப்பது அண்டங்காக்கை. அமாவாசை தவறாமல் சோறு வைத்துக் கூப்பிடுகிற பறவையைக்கூட நாம் சரியாகப் பார்த்ததில்லை!

அந்தப் பார்க்கும் பழக்கத்தை வளர்ப்பதுதான் நேச்சர் ஜர்னலிங்.

நேச்சர் ஜர்னலிங் என்றால் என்ன?

சிம்பிள். ஒரு பறவையையோ செடியையோ நேரில் பார்த்து வரைவது, பக்கத்திலேயே அதைப் பற்றி நாலு வரி எழுதுவது. படம் அழகாக வர வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. கவனித்தது பேப்பரில் வந்தால் போதும்.

போன்ல போட்டோ எடுத்தா போதாதா?

போட்டோ எடுக்க ஒரு நொடி. வரைய வேண்டும் என்றால் அலகு எங்கே தொடங்குகிறது, வால் எவ்வளவு நீளம் என்று திரும்பத் திரும்பப் பார்த்தே ஆக வேண்டும். அப்போதுதான் மைனாவின் கண்ணைச் சுற்றி மஞ்சள் தோல் இருப்பதே தெரியவரும்.

வரைவது நினைவாற்றலுக்கும் உதவுகிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், சொற்களை எழுதிப் பார்த்தவர்களைவிட அவற்றைப் படமாக வரைந்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. அவர்கள் நன்றாக வரையத் தெரிந்தவர்களா இல்லையா என்பது பெரிய வித்தியாசத்தை ஏற்படுத்தவில்லை.

என்னென்ன தேவை?

கோடு போடாத ஒரு நோட்டு, 2பி பென்சில். அவ்வளவுதான். பால் பாயின்ட் பேனாவும் ஓகே. கலர் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பறவையை வரைவது எப்படி?

1. முதலில் ஒரே ஒரு கோடு. பறவை நிமிர்ந்து நிற்கிறதா, சாய்ந்து நிற்கிறதா என்பதை அந்தக் கோடு காட்ட வேண்டும்.

2. அந்தக் கோட்டின் மேல் உடம்புக்கு ஒரு முட்டை வடிவம், தலைக்கு ஒரு வட்டம். உடம்போடு ஒப்பிட்டால் தலை எவ்வளவு பெரியது என்று இங்கேயே சரிபார்த்துவிடுங்கள்.

3. கழுத்து, வால், அலகு எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கின்றன என்று பார்த்துக் கோடு போடுங்கள்.

4. அடுத்து கண்ணும் காலும். பறவையின் கால் பின்பக்கமாக மடிவதுபோல இருக்கும் இடத்தை முட்டி என்று நினைக்கிறோம். உண்மையில் அது கணுக்கால். முட்டி மேலே இறகுக்குள் மறைந்திருக்கும்.

5. இறகுகளைக் கடைசியில் வரையலாம்.

பாதியில் பறந்துவிட்டால்? அப்படியே விட்டுவிட்டு பக்கத்தில் அடுத்த படத்தைத் தொடங்குங்கள். பறவை மறுபடியும் அதே மாதிரி உட்காரும்போது பழைய படத்துக்குத் திரும்பலாம்.

படத்துக்குப் பக்கத்தில் என்ன எழுதுவது?

தேதி, நேரம், இடம், வெயிலா மழையா, எத்தனை பறவைகள், என்ன செய்தன. இவை கட்டாயம்.

அமெரிக்க இயற்கை ஓவியர் ஜான் மியூர் லாஸ் இதோடு மூன்று விஷயங்களை எழுதச் சொல்கிறார்: என்ன கவனித்தேன், என்ன கேள்வி வந்தது, எது ஞாபகத்துக்கு வந்தது.

உதாரணத்துக்கு, குளக்கரையில் ஒரு குருட்டுக்கொக்கு நிற்கிறது. உட்கார்ந்திருந்தபோது மண் நிறம், பறந்ததும் பளிச்சென்று வெள்ளை. இது கவனித்தது. இவ்வளவு வெள்ளை இதுவரை எங்கே ஒளிந்திருந்தது? இது கேள்வி. குடையை விரித்த மாதிரி இருந்தது. இது ஞாபகம். மூன்றே வரிகளில் ஒரு பக்கம் ரெடி.

இதை யாராவது செய்து காட்டியிருக்கிறார்களா?

தமிழ்நாட்டிலேயே இருந்தார். நாவலாசிரியர் அ.மாதவையாவின் மகன் மா.கிருஷ்ணன் (1912-1996). 'தி ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950-ல் தொடங்கிய தன் இயற்கைப் பத்தியை, இறக்கும் வரை 46 ஆண்டுகள் எழுதினார். படங்களையும் அவரே வரைந்தார். காட்டு யானைகளைப் பற்றி மட்டுமல்ல, காகம், அணில் போன்ற அக்கம்பக்கத்து உயிர்களைப் பற்றியும் எழுதியவர். பத்மஸ்ரீ விருது பெற்றார்.

ஒரு நோட்டால் என்ன ஆகிவிடப் போகிறது?

அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ 1850-களில், தன் ஊரான கான்கார்டில் எந்தச் செடி எந்த நாளில் பூத்தது என்று குறித்து வைத்தார். சுமார் 150 ஆண்டுகள் கழித்து, பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே ஊரில் பூக்கும் நாள்களை மீண்டும் குறித்து ஒப்பிட்டார்கள். செடிகள் சராசரியாக ஒரு வாரம் முன்கூட்டியே பூப்பது தெரியவந்தது. ஒரு தனி மனிதரின் நோட்டு, காலநிலை மாற்றத்துக்குச் சாட்சியானது.

உங்கள் குறிப்புகளையும் உலகத்தோடு பகிரலாம். எண்ணிய பறவைகளை 'இபேர்ட்' தளத்தில் இலவசமாகப் பதிவு செய்யலாம். பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பிலும் கலந்துகொள்ளலாம்.

எதைச் செய்யக் கூடாது?

கூட்டுக்குப் பக்கத்தில் போகாதீர்கள். பயந்த தாய்ப்பறவை கூட்டை விட்டுப் போய்விடலாம். நன்றாகத் தெரிய வேண்டும் என்று கல்லெறிந்தோ சத்தம் போட்டோ பறவையைக் கிளப்பாதீர்கள். பறவை உங்களையே உற்றுப் பார்க்க ஆரம்பித்தால், இரண்டடி பின்னால் வந்துவிடுங்கள்.

எங்கே தொடங்குவது?

வேடந்தாங்கல் போகும் வரை காத்திருக்க வேண்டாம். மொட்டை மாடி, பஸ் ஸ்டாப், ஜன்னலுக்கு வெளியே தெரியும் கரன்ட் கம்பி, எதுவாக இருந்தாலும் சரி. தினமும் 10 நிமிடம், ஒரே ஒரு பறவை.

"முன்னெல்லாம் எங்க வீட்ல நிறைய சிட்டுக்குருவி இருந்துச்சு" என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். எத்தனை இருந்தது, எந்த வருஷத்தோடு நின்றது என்று கேட்டால் பதில் வராது. அன்றைக்கு யாரும் எழுதி வைக்கவில்லை. இன்றைக்கு உங்கள் ஜன்னலில் உட்காரும் பறவைக்காவது ஒரு பக்கம் ஒதுக்கலாமே!