ஓடும் வண்டியில் ஒட்டிய எழுத்து

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., வேதியியல்)

பூக்கடைக்கு விளம்பரம் வேண்டாம் என்பார்கள். எண்ணெய்ச் செக்குக்கும் அது பொருந்தும் என்றே என் தந்தையார் நெடுநாள் நம்பியிருந்தார். கோலியனூரில் எங்கள் செக்கு ஓடும்போது கடலை எண்ணெயின் மணம் தெருக்கோடி வரை வீசும். ஆனால் அந்த மணம் புதுச்சேரி சாலையில் போகிறவர்களை எட்டுமா? எட்டாது. எட்டக்கூடியது எங்கள் வண்டி ஒன்றுதான்.

2005ஆம் ஆண்டில் டாட்டா நிறுவனம் வெளியிட்ட 'ஏஸ்' என்னும் சிறிய சரக்கு வண்டியை நம் மக்கள் 'குட்டி யானை' என்று செல்லமாக அழைக்கிறார்கள். பழைய குட்டி யானை ஒன்றை அப்பா வாங்கினார். நாள்தோறும் விழுப்புரத்துக்கும் வளவனூருக்கும் எண்ணெய் டின்களைக் கொண்டு செல்லும் அந்த வண்டியின் மேல் விளம்பரம் ஒட்டலாம் என்று யோசனை சொன்னவன் நான்தான். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் என்பதால் என் சொல்லுக்கு மறுசொல் இல்லை. அம்மாவின் சீட்டுப் பணத்திலிருந்து ஏழாயிரம் ரூபாய் வந்தது.

நான் செய்த முதல் தவறு, எனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதியது. செக்கின் பெயர், நான்கு வகை எண்ணெய், அவற்றின் நன்மைகள், முழு முகவரி, இரண்டு கைப்பேசி எண்கள், இவற்றுக்குப் பின்னணியாகக் கடலைச் செடியின் படம். கணினித் திரையில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. வண்டியில் ஒட்டி வந்த அன்று அப்பா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நல்லாத்தாம்பா இருக்கு. ஆனா நான் எழுத்துக் கூட்டிப் படிக்கறதுக்குள்ள வண்டி வளவனூர் போயிடுமே!"

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அவர் சொன்னது கணக்குப்படி சரி.

கண்ணின் கணக்கு

ஓர் அங்குல உயரமுள்ள எழுத்தைச் சுமார் பத்து அடி தூரத்திலிருந்து நன்றாகப் படிக்கலாம் என்பது பலகை எழுதுவோர் கைக்கொள்ளும் பொது விதி. அப்படியானால் ஆறு அங்குல எழுத்து அறுபது அடி, அதாவது சுமார் 18 மீட்டர் தூரம் வரை தெளிவாகத் தெரியும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 10 மீட்டர் கடக்கும். ஆகவே சாலையோரம் நிற்பவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ இரண்டு நொடிகளே! நான் எழுதியிருந்தவையோ ஓர் அங்குல எழுத்துகள். இரண்டு நொடியில் எத்தனை சொல் படிக்க முடியும்? மூன்று அல்லது நான்கு. அதிலும் நாம் எழுத்துக் கூட்டிப் படிப்பவரை மறந்துவிடக் கூடாது.

வண்டியின் பின்புறக் கதை வேறு. பின்னால் வருபவர் கூட்டுரோடு நெரிசலில் நம் வண்டியைப் பார்த்தபடியே ஊர்ந்து வருவார். எனவே பெயரும் பொருளும் பக்கவாட்டில், தொலைபேசி எண் பின்கதவில் என்று பிரித்துக்கொள்வதே முறை. வெளிர் நிறத்தின் மேல் அடர் நிற எழுத்து, அல்லது அதற்கு நேர்மாறு. இரண்டும் ஒத்த நிறமாக இருந்தால் எழுத்து எடுபடாது.

வெயிலின் வேலை

இரண்டாவது தவறு வேதியியல் மாணவனாகிய நான் செய்யக் கூடாதது. வினைல் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று எண்ணி, விலை குறைந்ததைக் கேட்டு வாங்கினேன். ஓராண்டுக்குள் ஓரங்கள் சுருங்கின. தகட்டின் மேடு பள்ளங்களில் படலம் தூக்கிக்கொண்டது. வெளிப்பட்ட பசையில் புழுதி அப்பியது. கடலைச் செடி நீலம் பாரித்தது!

வினைல் என்று நாம் சொல்வது பாலிவினைல் குளோரைடு, சுருக்கமாக பி.வி.சி. 1872இல் ஜெர்மன் அறிஞர் பவுமான், வினைல் குளோரைடு இருந்த கண்ணாடிக் குடுவை வெயில் பட்டு உள்ளே வெண்ணிறத் திடப்பொருள் உண்டானதைக் கண்டார். அது விறைப்பான பொருள். 1926இல் அமெரிக்காவின் வால்டோ செமன் அதை நெகிழவைக்கும் வழியைக் கண்டறிந்த பிறகே வளையும் வினைல் பிறந்தது. இன்று நம் பக்கத்துக் கடலூர் சிப்காட்டிலேயே, 2009இல் தொடங்கப்பட்ட பி.வி.சி. ஆலை உண்டு.

கடைகளில் கிடைக்கும் வினைல் படலம் இருவகை. சாதாரண வினைல் சூடான உருளைகளுக்கிடையே அழுத்தி இழுக்கப்படுவது. தடிமன் 80 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். இழுத்த ரப்பரைப் போல, வெயிலில் சூடேறியதும் அது பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும், அதனால்தான் சுருங்குகிறது. காஸ்ட் வினைல், திரவமாக ஊற்றிப் பரப்பி உலர்த்தப்படுவது. சுமார் 50 மைக்ரான். இழுபடாததால் சுருக்கம் மிகக் குறைவு. மேடு பள்ளங்களிலும் படிந்து நிற்கும். விலைதான் அதிகம். சமதளத் தகட்டில் சில காலத்துக்கு மட்டும் என்றால் சாதாரண வினைலே போதும்.

வெயில் பி.வி.சி.யிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடைப் பிரிக்கிறது. படலம் மஞ்சளித்து நொறுங்குகிறது. தன்னை உண்டாக்கிய வெயிலே அதற்குப் பகையும் ஆகிறது! அச்சு மையில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுத்து, நீலம் எஞ்சுகிறது. மேலே ஒளிபுகும் காப்புப் படலம் போட்டால் இது தள்ளிப்போகும்.

ஒட்டும் முறையும் சட்டமும்

தகட்டில் எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இருக்கலாகாது. (செக்கு வண்டிக்கு இது பெரிய சோதனை!) துருவை நீக்கிய பிறகே ஒட்ட வேண்டும். நடுவிலிருந்து ஓரம் நோக்கிப் பிளாஸ்டிக் தகட்டால் தேய்த்துக் காற்றுக் குமிழியை வெளியேற்ற வேண்டும்.

எண் பலகை மீதும் விளக்குகள் மீதும் எதையும் ஒட்டக் கூடாது. வண்டிக் கண்ணாடிகளில் கறுப்புப் படலம் ஒட்டுவதைத் தடுத்து 2012இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. வண்டி முழுவதையும் வேறு நிறத்தால் மூடினால் பதிவுச் சான்றிதழிலுள்ள நிறத்தோடு பொருந்தாது. ஆகவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

முடிவாக

பழைய படலத்தை நானும் அப்பாவும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து சுரண்டினோம். அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. இம்முறை படம் இல்லை. பக்கவாட்டில் ஆறு அங்குல உயரத்தில் மூன்றே சொற்கள்: 'கோலியனூர் கடலை எண்ணெய்'. பின்கதவில் ஒரே ஓர் எண். வெட்டுவதற்கு முன் அதே அளவில் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டி, அப்பாவை அறுபது அடி தள்ளி நிறுத்தினேன். அவர் உரக்கப் படித்து முடித்த பிறகே கடைக்குச் சென்றேன்.

ஒரு மாதம் கழித்து மதகடிப்பட்டிலிருந்து ஒருவர் அழைத்து இரண்டு டின் கேட்டார். வண்டியின் பின்னால் வந்தபோது எண்ணைக் குறித்துக்கொண்டாராம்.

நண்பர்களே! நம்மில் பலர் சிறு கடையும் தறியும் வயலும் உள்ள வீடுகளிலிருந்து வருகிறோம். நாளை உங்கள் வீட்டுத் தொழிலுக்கும் ஒரு விளம்பரம் எழுத நேரலாம். அப்போது அதை நம்மைப் போன்ற பட்டதாரிகளிடம் காட்டிப் பாராட்டு வாங்க வேண்டாம். எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒருவரிடம் முதலில் காட்டுங்கள். அவர் படித்துவிட்டால் ஊரே படித்துவிடும்.