மூன்று விலைமனுவும் ஒரே மேசையில் எழுதப்பட்டால்...

பாடசாலைக்குக் கணினி வாங்குவதென்றால் மூன்று கடைகளில் விலைமனுக் கேட்கிறோம். ஒருவர் குறிக்கும் விலை மற்றவருக்குத் தெரியாமல் இருந்தால்தான் நியாயமான விலை கிடைக்கும். மூவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு எழுதினால்? நம் கையில் மூன்று கடிதங்கள் இருக்கும், போட்டி இருக்காது.

இதையே உலகளவில் செய்து பிடிபட்டவர்கள் கணினி நினைவகச் சில்லு தயாரிப்பாளர்கள். 1998 முதல் 2002 வரை, டெல், ஐபிஎம் போன்ற பெரிய கணினி நிறுவனங்களுக்கு விற்கும் டீரெம் சில்லுகளின் விலையை இவர்கள் தங்களுக்குள் இரகசியமாக ஒருங்கிணைத்தார்கள். சில்லு விலை ஏறியபோது கணினியின் விலையும் ஏறியது, அல்லது அதில் பொருத்தும் நினைவகம் குறைந்தது. இரண்டு வழியிலும் நட்டம் வாங்கியவருக்கே.

அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு இன்பினியன் 2004இல் 160 மில்லியன் டொலரும், 2005இல் ஹைனிக்ஸ் 185 மில்லியனும் சாம்சுங் 300 மில்லியனும், 2006இல் எல்பிடா 84 மில்லியனும் அபராதம் செலுத்த இணங்கின. அதிகாரிகள் சிலர் சிறைக்கும் போனார்கள். 2010 மே மாதம் ஐரோப்பிய ஆணைக்குழு விதித்த அபராதம் மொத்தமாக 331 மில்லியன் யூரோ. கூட்டிலிருந்த மைக்ரோன் மட்டும், முதலில் உண்மையைச் சொன்னதற்காக மன்னிக்கப்பட்டது. இரகசியக் கூட்டை உடைக்க இந்த மன்னிப்பே பலமான கருவி.

எல்லா விலையேற்றமும் சதியல்ல. 2025 இறுதியில் நினைவகத்தின் விலை கடுமையாக ஏறியதற்குச் செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் அவற்றை வாங்கிக் குவித்தது முக்கிய காரணம். கேள்வி கூடினால் விலை ஏறும். பேசி வைத்து ஏற்றுவதுதான் குற்றம்.

இந்த வேறுபாடு மார்க்கத்துக்குப் புதிதல்ல. மதீனாவில் விலை ஏறியபோது விலையை நிர்ணயிக்குமாறு கேட்கப்பட்ட நபி (ஸல்) அவர்கள் அதற்கு உடன்படவில்லை. விலையை நிர்ணயிப்பவன் அல்லாஹ்வே என்றார்கள். இந்த ஹதீஸை நம் வியாபாரிகள் அடிக்கடி எடுத்துச் சொல்வார்கள். ஆட்சியாளர் கை வைக்கத் தயங்கிய விலையில் நான்கு வியாபாரிகள் இரகசியமாகக் கை வைக்கலாமா? சொத்துக்களைப் பங்கிட்டுக் கொடுப்போர் கூட்டுச் சேர்ந்தால் கூலியை உயர்த்திவிடுவார்கள் என்பதால், இமாம் அபூ ஹனீபா (ரஹ்) அக்கூட்டையே தடுத்தார்கள் என இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள்.

நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. அரிசிக்கும் சீனிக்கும் கட்டுப்பாட்டு விலையைச் சோதிக்க வரும் அதிகாரிகளாகவே அந்தச் சபையை நாம் அறிவோம். போட்டியைக் கெடுக்கும் நடைமுறைகளை விசாரிக்கவும் அதே சட்டம் அதற்கு அதிகாரம் தருகிறது. சந்தேகம் இருந்தால் முறையிடலாம்.

ஆனால் பாடசாலைக்கு வரும் மூன்று விலைமனுக்களைத் தேடி எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. அங்கே மிஞ்சுவது எழுதுபவரின் அமானிதம் மட்டுமே. கூடுதலாகப் போகும் ஒவ்வொரு ரூபாயும் பிள்ளைகளின் பணம். வியாபாரத்தில் பேர்போன சமூகம் நாம். "நாங்கள் பேசி வைப்பதில்லை" என்று துணிந்து சொல்ல முதலில் முன்வர வேண்டியவர்களும் நாமே.