பழைய வயலும் பாவனை விமானமும்

வரலாறு என்பது மன்னர்தம் பெயரும் போர் நிகழ்ந்த ஆண்டும் மட்டுமன்று. மண்ணுக்கும் வரலாறு உண்டு. வயலின் அளவு, வேலியின் தன்மை, விளைந்த பயிர் ஆகிய யாவும் காலந்தோறும் மாறுவன. இவ்வுண்மையை நன்கு விளக்கும் துறைகளுள் ஒன்று, ‘பிளைட் சிமுலேட்டர்’ எனப்படும் பாவனைப் பறப்பு.

கணினித் திரையில் விமானம் செலுத்துவோர்க்குக் கீழே நிலம் தெரிதல் வேண்டும். அந்நிலம் இரு கூறுகளால் ஆவது. முதலாவது, மேடுபள்ளங்களின் வடிவம். இரண்டாவது, அவ்வடிவத்தின்மீது துணி போர்த்தினாற்போல் விரிக்கப்படும் படம். இதனை ‘டெக்ஸ்சர்’ என்பர். நாம் தரைப்படம் எனலாம். பக்கத்திற்கு 1,024 புள்ளிகள் கொண்ட சதுரப் படத்தில், புள்ளி ஒன்று ஒரு மீட்டரைக் குறிக்குமாயின், அப்படம் ஏறத்தாழ ஒரு சதுரக் கிலோமீட்டர் நிலத்தை மூடும்.

1940-ஆம் ஆண்டு ஜூலை முதல் அக்டோபர் வரை தென் இங்கிலாந்தின் வானில் நடந்த பிரிட்டன் போர், இத்தகைய பாவனைப் பறப்புகள் சிலவற்றுக்குக் களமாக அமைந்துள்ளது. அக்களத்திற்கு இன்றைய வான்படத்தை எடுத்து ஒட்டினால் என்ன? பிழை பலவாகும். போருக்குப்பின் பெரிய எந்திரங்கள் வயலில் இறங்கின. அவை திரும்புவதற்கு இடையூறாயிருந்த உயிர்வேலிகள் பல இடங்களில் அகற்றப்பட்டுச் சிறு வயல்கள் பெருவயல்களாயின. வசந்தத்தில் மஞ்சள் கம்பளமாய்ப் பூக்கும் ரேப் எனும் எண்ணெய்வித்துப் பயிர் 1970-களுக்குப் பின்னரே அங்குப் பரவியது. வேலிதோறும் ஓங்கி நின்ற எல்ம் மரங்களோ, 1960-களின் இறுதியில் தொடங்கிய நோயால் கோடிக்கணக்கில் மடிந்தன. பிரிட்டனின் முதல் அதிவேகப் பெருஞ்சாலை திறக்கப்பட்டதே 1958-இல்தான். ஆகவே, இன்றைய படத்தில் இருக்கக்கூடாதன உள, இருக்கவேண்டியன இல.

அங்ஙனமாயின் சான்று எங்கே கிடைக்கும்? முதற்சான்று 1930-களில் பேராசிரியர் டட்லி ஸ்டாம்ப் நடத்திய நிலப்பயன் அளவை. ரங்கூன் பல்கலைக்கழகத்தில் முன்னர்ப் பணியாற்றிய இப்புவியியல் அறிஞர், பிரிட்டன் முழுவதையும் அளக்கப் பெரும்பாலும் பள்ளிகளையே துணைக்கொண்டார். ஆசிரியரும் மாணவரும் ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்னும் அளவிலமைந்த வரைபடத்தை ஏந்தி, வயல்வயலாக நடந்து, இது உழுநிலம், இது மேய்ச்சல், இது காடு எனக் குறித்தனர். அக்குறிப்புகளினின்று வண்ணப்படங்கள் அச்சாயின. இரண்டாஞ்சான்று, போர் முடிந்தபின் 1946 முதல் அரச விமானப்படை நாடெங்கும் எடுத்த கறுப்பு வெள்ளை வான்படங்கள்.

ஒன்று போருக்கு முந்தியது, மற்றது பிந்தியது. ஒரு வேலிக்கோடு முந்திய வரைபடத்திலும் பிந்திய வான்படத்திலும் காணப்படின், 1940-இலும் அது அங்கே இருந்தது எனத் துணியலாம். இரண்டும் மாறுபடும் இடத்தில்தான் ஆராய்ச்சி வேண்டும். சான்றாக, 1939-ஆம் ஆண்டில் புல்தரையை உழுவோர்க்கு ஏக்கருக்கு இரண்டு பவுன் அரசு உதவி அறிவிக்கப்பட்டது. அதனால் ஸ்டாம்ப் படத்தில் பச்சையாய் உள்ள மேய்ச்சல் நிலம், 1940-இல் கோதுமை வயலாய் மாறியிருக்கக்கூடும். 1941-இல் தொடங்கிய தேசியப் பண்ணை அளவை, பண்ணைதோறும் இருந்த பயிர்களைத் தெரிவித்து இவ்வையத்தைப் பெரிதும் தீர்க்கிறது.

சான்று திரண்டபின் வரைவோன் பணி தொடங்கும். கறுப்பு வெள்ளைப் படத்திற்கு நிறம் ஊட்டுங்கால் மண்ணை அறிதல் வேண்டும். சுண்ணப்பாறைக் குன்றுகளில் உழுத நிலம் வெளிறித் தோன்றும். கெண்ட், சசெக்ஸ் பகுதிகளின் இடைநிலமாகிய வீல்டில் களிமண் பழுப்பாகும். வயலின் வடிவமும் இடத்திற்கேற்ப வேறுபடும். வீல்டின் வயல்கள் சிறியன, கோணலானவை. நடு இங்கிலாந்திலோ 18, 19-ஆம் நூற்றாண்டுச் சட்டங்களால் வகுக்கப்பட்ட நேர்க்கோட்டு வயல்கள் மிகுதி. ஒரே படத்தை இரண்டிடத்திலும் விரித்தல் பொருந்தாது.

பருவமும் நோக்கத்தக்கது. ஆகஸ்டில் அறுவடையான வயலில் கதிர்க்கட்டுகள் வரிசையாகச் சாய்த்து நிறுத்தப்பட்டிருக்கும். ஜூலையில் அதே வயலில் பயிர் நிற்கும். வான்படத்தில் பதிந்த மர நிழலை நீக்கிவிடுதலும் வேண்டும். இல்லையேல் திரையின் கதிரவன் ஒரு திசையிலும் நிழல் வேறு திசையிலும் நிற்கும். படங்களின் ஓரங்கள் தையல் தெரியாமல் இணைய வேண்டும். வட்டமான குளம் போன்ற தனிச்சிறப்புடைய குறி ஒன்று ஒரு படத்தில் இருப்பின், அப்படம் மீண்டும் மீண்டும் வருங்கால் கண் அதனைக் கண்டுகொள்ளும், மெய்ம்மை கெடும்.

போர்க்காலம் நிலத்தில் எழுதிய பொய்களும் உண்டு. பகைவிமானிக்கு அடையாளம் ஆகாதபடி, சசெக்ஸ் குன்றில் உள்ள ‘வில்மிங்டன் நெடுமனிதன்’ உருவம் 1940-இல் பச்சை வண்ணத்தால் மறைக்கப்பட்டது. விமானத்தளப் புல்வெளிகள்மீது இல்லாத வேலிகள் தீட்டப்பட்டன. மெய்யான வேலியைத் தேடி வரைவோன், அன்று பொய்யாய்த் தீட்டிய வேலியையும் மெய்யாகவே வரைய வேண்டியவனாகிறான்!

இத்துணை உழைப்பும் விளையாட்டுக்கோ எனச் சிலர் வினவலாம். நூலில் படித்ததை மாணவன் மறக்கக்கூடும். கண்ணால் கண்டதை எளிதில் ஐயுறான். திரையில் கண்ட மஞ்சள் வயலையே அவன் 1940 என நம்புவானாயின், பிழையை வரலாறாகக் கற்றவனாவான். பள்ளிச் சிறுவர் அன்று வயல்வயலாக நடந்து குறித்த குறிப்புகள், அவர்கள் கனவிலும் எண்ணாத ஒரு துறையில் பிற்காலத்தார்க்குச் சான்றாய் உதவுகின்றன. தம் ஊரை உள்ளவாறு கண்டு உள்ளவாறு எழுதப் பயிற்றுதல் சிறு பாடமன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?