கரைக்குக் காவல், நாய்க்குத் துறை

நீரைக் கண்டதும் பல நாய்களுக்கு உண்டாகும் உற்சாகம் சொல்லுந்தரமன்று. ஓடிப் பாயும், நீந்தும், கரையேறி உடலைச் சிலிர்த்து நீரை உதறும், மீண்டும் பாயும். ஒரு நாய் இவ்வாறு விளையாடுவதாற் கரைக்கு வரும் கேடு சிறிதே. நூறு நாய்கள் நாள்தோறும் ஒரே கரையில் ஏறி இறங்குமாயின் புல் மாயும், வேர் வெளிப்படும், மழை பெய்யுந்தோறும் மண் கரைந்து நீரிற் சேரும்.

இதனால் நட்டம் நிலத்துக்கு மட்டுமன்று. மண்ணோடு அடித்துச் செல்லப்படும் பொசுபரசு, ஏரிநீரில் நீலப்பச்சைப் பாசி பெருகுதற்கு உரமாகின்றது. அப்பாசியிற் சில வகைகள் நஞ்சுடையன. அந்நீரைப் பருகிய நாய்கள் சில மணி நேரத்துள் இறந்துபடுவதும் உண்டு. ஆகவே, கரையைக் காப்பது நாயைக் காப்பதுமாகும்.

கரை காக்க எண்ணுவோர் முதலில் நாடுவது கருங்கல்லையே. கல்லைக் குவித்துவிட்டால் அலையின் வேகம் அடங்கும் என்பது உண்மை. ஆயினும், கூரிய பெருங்கற்களின் இடுக்கிலே நாயின் கால் அகப்பட்டு முறியக்கூடும். பாசி படிந்த கல்லோ வழுக்கும். செங்குத்தான சுவர் இவற்றினுங் கொடிது. நன்றாக நீந்தும் நாயும் ஏறுதற்கு இடங்காணாது, சுவரோரமாகவே சுற்றிச் சுற்றிக் களைத்து மூழ்கிவிடலாம். அங்கே அதற்கு எமனாவது நீரின் ஆழமன்று, கரையேற வழியில்லாமையே.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலே, றெட்மண்ட் நகரிலுள்ள மேரிமூர் பூங்கா இதற்கு ஒரு விடை தருகின்றது. அங்கு சுமார் 40 ஏக்கர் நிலம் நாய்கள் கட்டின்றித் திரிவதற்கென விடப்பட்டுள்ளது. அதன் ஓரமாக ஓடுவது சம்மாமிஷ் ஆறு. வெள்ளத்தைத் தடுக்கும்பொருட்டு 1960களில் ஆழமாக்கி நேராக்கப்பட்ட ஆறு அது. சினூக் என்னும் சால்மன் மீன்கள் முட்டையிடுதற்காகக் கடலிலிருந்து வரும் வழியும் அதுவே. அப்பகுதிச் சினூக் மீனினம் அபாயத்துக்கு உள்ளானதென 1999இல் அந்நாட்டுச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. குளிர்ந்த நீரே அம்மீனுக்கு உகந்தது. கரையிலுள்ள மரங்களின் நிழல் குறைந்தால் நீர் சூடேறும். மீனுக்காக நாயை முற்றாக விலக்குவதா, நாய்க்காக மீனை மறப்பதா? இரண்டுமின்றி, குறித்த சில இடங்கள் மட்டும் நாய்கள் இறங்குந் துறைகளாயின; எஞ்சிய கரை செடிகொடிகளுக்கு உரியதாயிற்று.

இத்தகைய துறையை அமைக்கும் முறை எளியதே. நீரோட்டம் வேகங்குன்றிய இடத்தைத் தெரிந்து, 4 அடி நீளத்துக்கு 1 அடிக்கு மேற்படாத இறக்கமாகக் கரையைச் சரித்து, மண்ணின்மேல் நீர் கசியவிடும் உறுதியான துணியை விரித்து, அதன்மீது சிறு சரளையைப் பரப்புதல் வேண்டும். அச்சரிவு நீருக்குள்ளும் சிறிது தூரம் தொடர்ந்தாற்றான் நாய் காலூன்றி ஏறும். துறையின் இருபுறமும் வேலியிட்டு, வில்லோ போன்ற மரங்களின் கொம்புகளை நட்டால், அவை வேர்விட்டு மண்ணைப் பிணிக்கும். வேர் பிடிக்கும் வரையில் மண்ணைத் தாங்குவதற்குத் தென்னந்தும்பினாற் செய்த உருளைகளையும் விரிப்புகளையும் பயன்படுத்துவர். நமது இலங்கையிலிருந்தும் இவை பிறநாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன. சில ஆண்டுகளில் தும்பு உக்கி மண்ணாகும். அதற்குள் அதன் பணியை வேர் ஏற்றுக்கொள்ளும்.

கரை வேறு, துறை வேறு எனப் பிரித்துப் பெயரிட்ட மொழி நம்முடையது. கரை முழுவதையும் துறையாக்கினாற் கரை நில்லாது. துறையே இல்லாதவாறு கரையை அடைத்துவிட்டால், நீரை நாடிவரும் உயிர்களுக்கு அது பகையாகும். நாய் வளர்க்கும் குடும்பத்தினர் இங்கு மனங்கொள்ள வேண்டுவது ஒன்றுண்டு. நாயை நீரில் விடுமுன், அது இறங்கும் இடத்தையன்று, ஏறும் இடத்தையே முதலிற் பாருங்கள்.