கொரோனா வார்டில் பழகிய கைகள்

கையுறையும் முகக்கவசமும் 2020-ல் தீர்ந்ததுபோல் மருத்துவமனைகளில் அதற்கு முன் தீர்ந்ததில்லை. தண்ணீர் குடிக்கவோ கழிப்பறை போகவோ வழியில்லாமல், ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் பிபிஇ உடைக்குள் நின்று செவிலியர்கள் வேலை பார்த்தார்கள். இவ்வளவு கவனம் இருந்த ஆண்டில் மருத்துவமனைக்குள் பரவும் மற்றத் தொற்றுகளும் குறைந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி எடுத்த கணக்கு வேறு மாதிரி வந்தது. கழுத்திலோ மார்பிலோ பெரிய ரத்தக்குழாயில் போடும் சென்ட்ரல் லைன் வழியாக ரத்தத்தில் ஏறும் தொற்று, 2019-ன் கடைசி மூன்று மாதங்களைவிட 2020-ன் கடைசி மூன்று மாதங்களில் 47 சதவீதம் கூடியிருந்தது.

காரணங்கள் பல. வந்த நோயாளிகள் மிக மோசமான நிலையில் வந்தார்கள். போட்ட லைனைப் பல நாள் எடுக்க முடியவில்லை. மூச்சுக்காகக் குப்புறப் படுக்கவைத்தபோது கழுத்து டிரஸ்ஸிங் வியர்வையில் நனைந்து கழன்றது. ஆள் பற்றாக்குறை வேறு. இவற்றோடு, தொற்றுத் தடுப்பைக் கற்றுத்தருகிறவர்கள் அன்றிலிருந்து கவலையோடு பேசும் ஒரு விஷயமும் உண்டு. பிபிஇ உடை போட்டிருப்பவரைக் காப்பாற்றும். அதே கையுறையோடு அடுத்த கட்டிலுக்குப் போனால், அங்கே படுத்திருப்பவரை அது காப்பாற்றாது.

அந்த வார்டுகளில்தான் ஒரு தலைமுறை நர்சிங் மாணவர்கள் தொழில் பழகினார்கள். அவர்கள் கைக்கு என்ன பழக்கம் வந்தது, எது வராமல் போனது என்பதை இன்று பார்க்க வேண்டியிருக்கிறது.

நர்சிங் படிப்பில் கைச்சுத்தம் முதலாண்டிலேயே வரும் பாடம். உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வகுத்த வழிகாட்டுதலில் கையைச் சுத்தம் செய்ய வேண்டிய ஐந்து தருணங்கள் இருக்கின்றன. நோயாளியைத் தொடுவதற்கு முன். ஊசி, டிரஸ்ஸிங், கதீட்டர் போன்ற சுத்தமான செய்முறைக்கு முன். ரத்தம், சளி, சிறுநீர் பட்டிருக்கலாம் என்றால் அதன் பின். நோயாளியைத் தொட்ட பின். கட்டில், லாக்கர், மானிட்டர் என்று அவரைச் சுற்றி இருப்பதைத் தொட்ட பின். ஹேண்ட் ரப் என்றால் 20 முதல் 30 நொடி, சோப்பும் தண்ணீரும் என்றால் மொத்தம் 40 முதல் 60 நொடி. எந்த மாணவியைக் கேட்டாலும் தூக்கத்தில்கூடச் சொல்வார்.

இந்த ஐந்தையும் இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். முதல் இரண்டும் நோயாளிக்காக. பின்னால் வரும் மூன்றும் முக்கியமாக, தொட்டவருக்காகவும் வார்டில் இருக்கும் மற்றவர்களுக்காகவும். மனித இயல்பு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல ஆராய்ச்சி தேவையில்லை, இருந்தாலும் ஆராய்ச்சிகளும் அதையே சொல்கின்றன: நோயாளியைத் தொட்ட பிறகு கை சுத்தம் செய்கிறவர்கள் பொதுவாக அதிகம், தொடுவதற்கு முன் செய்கிறவர்கள் குறைவு. கொரோனாவுக்கு முன்பே இருந்த சாய்வு இது. உயிர்ப் பயம் சேர்ந்த காலத்தில் அது இன்னும் ஆழமாக இறங்கியிருக்கிறது என்பது என் எண்ணம்.

அந்தப் பயத்தை நான் சிறிதும் குறைத்துப் பேசவில்லை. பயப்படக் காரணம் இருந்தது. 2003 மார்ச்சில் ஹாங்காங்கின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மருத்துவமனை, 8ஏ வார்டில் சார்ஸ் பரவியபோது தொற்றியவர்களில் 69 பேர் மருத்துவப் பணியாளர்கள், 16 பேர் மருத்துவ மாணவர்கள். கட்டிலருகே நின்று நோயாளியைப் பரிசோதிக்கப் பழகிக்கொண்டிருந்தவர்கள் அந்த மாணவர்கள். நம் பக்கத்து மாநிலத்தில், 2018 மே மாதம், கோழிக்கோட்டில் நிபா வந்தது. பேராம்பிரா தாலுகா மருத்துவமனைச் செவிலியர் லினி, நோயாளியைக் கவனித்ததில் தொற்றி இறந்தார். அந்தப் பரவலில் நோய் உறுதியாகியும் பிழைத்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர், வார்டு பயிற்சிக்கு வந்திருந்த நர்சிங் மாணவி. படிக்க வந்த பிள்ளைக்கு உயிராபத்து வரும் என்பது இந்தத் தொழிலில் வெறும் பேச்சு இல்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் நர்சிங் கல்லூரிகள் மாணவர்களை வீட்டுக்கு அனுப்பின. வார்டில் கற்க வேண்டியதைச் செல்பேசித் திரையில் கற்றார்கள். கேனுலா போடுவதையும் கதீட்டர் போடுவதையும் வீடியோவில் பார்த்தார்கள், திரும்பி வந்த பிறகு பொம்மையில் செய்து பழகினார்கள். இரண்டாம் அலை அடித்த 2021 மே மாதத் தொடக்கத்தில் நிலைமை தலைகீழானது. இறுதித் தேர்வுக்குக் காத்திருந்த பி.எஸ்சி., ஜி.என்.எம். மாணவர்களையும் மூத்த ஆசிரியர்களின் மேற்பார்வையில் முழுநேரக் கொரோனா டியூட்டியில் போடலாம் என்று மத்திய அரசு அறிவித்தது. வார்டையே சரியாகப் பார்க்காத ஒரு கூட்டமும், பயிற்சி முடியும் முன்பே மிகக் கடினமான வார்டுக்குள் போன ஒரு கூட்டமும் இப்படித்தான் உருவாயின.

போனவர்கள் கற்றது கொஞ்சமல்ல. பிபிஇ உடையைக் கழற்றும் டாஃபிங் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். போடுவதைவிடக் கழற்றுவதில்தான் ஆபத்து. எட்டு மணி நேரம் கிருமி படிந்திருக்கும் வெளிப்பக்கம், கழற்றும்போது தோலில் படக் கூடாது. கையுறையின் மணிக்கட்டுப் பக்கத்து வெளிவிளிம்பைக் கிள்ளிப் பிடித்து உள்பக்கம் வெளியே வர உரிக்க வேண்டும். கவுனை உள்ளிருந்து வெளியே சுருட்டிக்கொண்டே இறக்க வேண்டும். கண்ணாடியைப் பின்பக்கப் பட்டையைப் பிடித்துக் கழற்ற வேண்டும். என்-95 கடைசியில், முதலில் கீழ்ப் பட்டை, பிறகு மேல் பட்டை, முன்பக்கத்தை விரல் தொடவே கூடாது. ஒவ்வொரு படிக்கும் நடுவில் ஹேண்ட் ரப். களைத்துத் தலை சுற்றும் நேரத்தில் இத்தனையையும் வரிசை மாறாமல் செய்ய வேண்டும் என்பதால், எதிரே ஒருவர் நின்று படிப்படியாகச் சொல்லிக்கொடுப்பார். எதை எப்போது தொட்டோம் என்று தன் கையைத் தானே கண்காணிக்கும் அந்தக் கவனத்தை எந்தப் பாடப்புத்தகமும் தந்துவிட முடியாது.

இந்தத் திறமை சாதாரணமானதில்லை என்பதற்கு ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்காவின் கிளீவ்லேண்டு பகுதி மருத்துவமனைகளில், ஒளிரும் களிம்பைக் கையுறையில் தடவிவிட்டுப் பணியாளர்களைக் கழற்றச் சொன்னார்கள். 2015-ல் வெளியான அந்த ஆய்வில் 435 முறை கழற்றியதில் 46 சதவீதம் முறை களிம்பு தோலிலோ உடையிலோ ஒட்டியிருந்தது. புற ஊதா விளக்கின் கீழ் அவரவர் கையை அவரவருக்கே காட்டிப் பயிற்சி கொடுத்த பிறகு, அந்தப் பயிற்சி பெற்றவர்களிடம் 60 சதவீதமாக இருந்த அளவு 19 சதவீதத்துக்குக் கீழே வந்தது. விரிவுரை கேட்டு வராத மாற்றம் கண்ணால் பார்த்ததில் வந்தது. ஒரு புற ஊதா டார்ச்சும் ஒரு டப்பா களிம்பும் வாங்க எந்த நர்சிங் கல்லூரிக்கும் பணமில்லாமல் போகாது.

பிரச்சினை, அந்த வார்டைவிட்டு வெளியே வந்த பிறகு தொடங்குகிறது. எந்த ஊர் பொது வார்டிலும் காலையில் பார்க்கக் கிடைக்கும் காட்சி இது. மாணவி பாட்டிக்கு ஆன்டிபயாடிக் போடப் போகிறார். ட்ரே தயார், கையுறை மாட்டியாயிற்று. வழியில் திரையை இழுத்துவிடுகிறார். சாய்ந்திருந்த ட்ரிப்ஸ் ஸ்டாண்டை நிமிர்த்துகிறார். கேஸ் ஷீட்டைப் புரட்டி மருந்தின் பெயரைச் சரிபார்க்கிறார். “பாட்டி, கையைக் காட்டுங்க” என்று சொல்லி, அதே கையுறையோடு கேனுலாவின் மூடியைத் திறந்து சிரிஞ்சை வைக்கிறார். மருந்து ஏற்றி முடித்ததும் கையுறையைக் கழற்றி ரெட் பேக்கில் போட்டு, அரை நிமிடம் நன்றாகத் தேய்த்து ஹேண்ட் ரப் போடுகிறார். கழற்றியவிதத்திலும் குப்பை பிரித்ததிலும் ஹேண்ட் ரப் போட்டதிலும் ஒரு குறை கிடையாது. ஆனால் திரையிலும் ஸ்டாண்டிலும் ஃபைலிலும் இருந்தது பாட்டியின் ரத்தக்குழாய் வாசல்வரை போய்விட்டது. மூடியைத் திறந்ததும் அந்த வாயை ஸ்பிரிட் பஞ்சால் 15 நொடி அழுத்தித் தேய்க்க வேண்டும் என்ற பாடமும் விட்டுப்போயிற்று.

அவர் அலட்சியமானவர் இல்லை. கையுறை மாட்டினால் பாதுகாப்பு என்று கற்றிருக்கிறார். யாருக்குப் பாதுகாப்பு என்று யாரும் கேட்கவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் கையுறைக்கு மேல் கையுறை போட்டார்கள், கையுறை மேலேயே ஹேண்ட் ரப் தேய்த்தார்கள். மறு கட்டிலுக்குப் போக உடை மாற்ற முடியாத நெருக்கடியில் செய்தது அது. சாதாரண வார்டில் அதற்கு இடமில்லை. கையுறையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கலாம், கழற்றும்போது கை அசுத்தப்படும், அதைவிட முக்கியமாக, கை சுத்தமாக இருக்கிறது என்ற நினைப்பை அது உண்டாக்கிவிடும். லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனை, தேவையில்லாத இடத்தில் கையுறையைக் கழற்றுங்கள் என்று கொரோனாவுக்கு முன்பே, 2018-ல், ஓர் இயக்கமே நடத்தியது.

பயத்தில் வந்த பழக்கத்துக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. சிகாகோ பல்கலைக்கழக மருத்துவமனையில் கை சுத்தத்தைத் தானியங்கிக் கருவிகள் கணக்கெடுக்கின்றன. 2020 மார்ச் கடைசியில் அது 90 சதவீதத்தைத் தாண்டியது. ஆகஸ்டுக்குள் ஏறக்குறைய பாதிக்கு இறங்கி, கொரோனாவுக்கு முன் இருந்த அளவுக்கே வந்துவிட்டது. ஐந்தே மாதம். கொரோனா வார்டில் வாசலில் சுவரொட்டி, கண்ணாடி, எதிரே நின்று சொல்லும் ஆள், உள்ளே நோய் என்று கையை ஞாபகப்படுத்த நாலு விஷயம் இருந்தன. பொது வார்டில் அவை ஒன்றும் கிடையாது. “தொடப் போகிறேன்” என்ற அந்தக் கணமே கையை ஹேண்ட் ரப் பக்கம் இழுக்க வேண்டும். அப்படி ஒட்டிக்கொண்ட பழக்கம்தான் நோய் போன பிறகும் நிற்கும்.

இதை ஒட்டவைப்பது யார்? வகுப்பறை பாதி வேலையைச் செய்கிறது. இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் கொண்டுவந்த செமஸ்டர் பாடத்திட்டத்தில் நுண்ணுயிரியலோடு தொற்றுக் கட்டுப்பாடும் பாதுகாப்பும் பாடத்தின் பெயரிலேயே சேர்ந்துவிட்டன, நல்ல மாற்றம். மீதிப் பாதி, மாணவி யாருக்குப் பின்னால் நிற்கிறார் என்பதில் இருக்கிறது. சிகாகோவில் நடந்து 2003-ல் வெளியான வேறோர் ஆய்வு இதை எடுத்துக்காட்டியது. அறைக்குள் மூத்தவர் ஒருவர் கை கழுவாமல் இருந்தால், கூட வந்தவர்களும் கழுவுவது வெகுவாகக் குறைந்தது. கை கழுவும் தொட்டிகள் கூடுதலாக இருந்த புதுக் கட்டடத்துக்கு மாறிய பிறகும் நிலைமை தேறவில்லை, மோசமானது. டியூட்டரும் இன்சார்ஜ் சிஸ்டரும் ரவுண்ட்ஸ் வரும் டாக்டரும் செய்வதை மாணவி செய்கிறார். டாக்டர் ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்கு ஸ்டெதாஸ்கோப்போடு அப்படியே நடந்துபோனால், இரண்டு மணி நேர வகுப்பு அந்த இடத்திலேயே வீணாகிறது.

மாணவரின் கை நோயாளிக்கு என்ன செய்யும் என்பதற்கு மருத்துவம் அறிந்த பழைய சாட்சியும் ஒரு பயிற்சி மருத்துவமனைதான். 1847-ல் வியன்னாவில் இக்னாஸ் செமல்வைஸ் பார்த்தது, பிணவறையிலிருந்து நேராகப் பிரசவ வார்டுக்கு வந்த மருத்துவ மாணவர்களின் கைகளை. தாய்மார்கள் ஜன்னி கண்டு இறந்தார்கள். மருத்துவச்சிகள் பயிற்சி பெற்ற பக்கத்து வார்டில் சாவு மிகக் குறைவு. தாயைத் தொடும் முன் குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவச் சொன்னதும் மரணம் சரிந்தது. அவர் கட்டாயமாக்கியது தொடுவதற்கு முன் கழுவும் கையை.

கொரோனாக் காலத்தில் நர்சிங் படித்தவர்கள் படிப்பை முடித்து வெளியே வந்துவிட்டார்கள். ஐசியூவில், பிரசவ வார்டில், டயாலிசிஸ் யூனிட்டில் இன்று ஸ்டாஃப் நர்ஸ்களாக இருக்கிறார்கள். இந்த ஆண்டு முதல் போஸ்டிங்குக்கு வரும் பிள்ளைகள் அவர்களுக்குப் பின்னால்தான் நிற்பார்கள். அவர்களிடம் இருக்கும் டாஃபிங் ஒழுக்கத்தை அப்படியே காப்பாற்ற வேண்டும், அடுத்த பெருந்தொற்றுக்கு அது தேவைப்படும். அதோடு விட்டுப்போன பாதியைச் சேர்க்க வேண்டும். வேலையில் சேர்ந்த முதல் ஆண்டில் மருத்துவமனையே அவர்களுக்குக் கேனுலா, சென்ட்ரல் லைன், சிறுநீர்க் கதீட்டர் பராமரிப்பில் மறுபயிற்சி தர வேண்டும். கட்டிலுக்குக் கட்டில் கை எட்டும் தூரத்தில் ஹேண்ட் ரப் இருக்க வேண்டும். வார்டு வாசலில் மட்டும் ஒரு பாட்டில் மாட்டிவைத்துவிட்டு மாணவியைக் குறை சொல்வது நியாயமில்லை. செய்முறைத் தேர்வில், கையுறை போடும் முன் கை சுத்தம் செய்தாரா, போட்ட பிறகு வேறெதையும் தொட்டாரா என்பதற்குத் தனி மதிப்பெண் வைக்க வேண்டும். கட்டிலில் இருப்பவரோ கூட இருப்பவரோ “கையைத் துடைச்சீங்களாம்மா?” என்று கேட்டால், முகம் சுளிக்காமல் அவர் கண்ணெதிரே இன்னொரு முறை துடைத்துக்காட்டும் மாணவியை, அந்த இடத்திலேயே, எல்லோர் முன்னிலும் இன்சார்ஜ் சிஸ்டர் பாராட்ட வேண்டும்.