ஒரு தீவும் பல துறைகளும்

பாக்குநீரிணையின் நடுவே, யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே கிடக்கும் நெடுந்தீவு, நம்மவர் பலருக்குக் குதிரைகளாலும் பெருக்க மரத்தாலும் ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடுகளாலும் அறிமுகமான ஊராகும். பார்க்கச் செல்வோர் காலையிற் சென்று மாலையில் மீள்வர். அங்கேயே பிறந்து வாழும் ஏறத்தாழ 4,000 மக்களுக்கோ அது காட்சிப் பொருளன்று. நீரையும் உணவையும் மருந்தையும் நாள்தோறும் தேடிப் பெறவேண்டிய வாழ்விடம். உடல்நலம் என்பது எத்தனை துறைகள் ஒன்றுகூடி ஆராய வேண்டிய பொருள் என்பதை அறிய விரும்பும் மாணவருக்கு இத்தீவினும் சிறந்த பாடநூல் கிடைப்பது அரிது.

முதலில் நீரை நோக்குவோம். நெடுந்தீவில் ஆறு இல்லை. மாரியிற் பெய்யும் மழை சுண்ணக்கல்லின் துவாரங்களூடே இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் ஒரு மெல்லிய வில்லைபோல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நிற்குமாயின் அதன் கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் நிற்கும் என்பது நிலத்தடி நீரியலின் விதி. மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து உவர்நீர் நாற்பதடி ஏறும் என்பது அதன் மறுபக்கம். ஆகவே அளவுக்கு மிஞ்சி இறைக்கப்படும் கிணறு உவர்ப்பதில் வியப்பில்லை. இதனைச் சொல்ல வல்லவர் புவியியல் கற்றவர்.

உவர்நீரைப் பருகுவோரின் உடலுக்கு யாது நேரும்? இதற்கு விடை கூற மருத்துவர் வேண்டும். வங்காளதேசத்துக் கரையோரமான டாக்கோப்பில் நடைபெற்ற ஆய்வுகள், உப்பு மிகுந்த குடிநீரைப் பருகும் கர்ப்பிணிகளிடையே உயர் குருதியமுக்கம் கூடுதலாகக் காணப்படுவதை எடுத்துக் காட்டின. நமது தீவுகளுக்கும் அக்கேள்வி பொருந்தும். இனி, நல்ல நீருள்ள கிணற்றை நாடி நடப்பவர் யார்? வீட்டில் எவருடைய குடம் முதலில் நிறைகிறது? எவர் இறுதியில் உண்கிறார்? இவற்றைக் குருதிப் பரிசோதனை காட்டாது. சமூகவியல் மாணவர் வீட்டு முற்றத்தில் அமர்ந்து கேட்டே அறிய வேண்டும்.

உணவின் கதையும் இத்தகையதே. பனையும் கடலும் தீவு மக்களுக்கு நெடுங்காலமாகச் சோறிட்டு வந்துள்ளன. ஒடியற்கூழை எடுத்துக் கொள்வோம். ஒடியல் மாவில் மாச்சத்து. மீனிலும் நண்டிலும் இறாலிலும் புரதம். பயிற்றங்காயிலும் கீரையிலும் உயிர்ச்சத்துக்கள். யாவும் ஒரே பானையில் வந்து சேர்கின்றன. மாவை நீரில் ஊறவைத்துக் கைப்பு நீரை ஊற்றிவிட்டுச் சமைப்பது நம் பாட்டிமாரின் வழக்கம். பச்சை ஒடியல் மாவில் நரம்பைத் தாக்கும் நஞ்சொன்று உண்டென்றும், தக்க சூட்டினால் அது நீங்குமென்றும் எலிகளில் நடத்திய ஆய்வுகள் பின்னாளில் உணர்த்தின. அடுப்படியில் வழங்கிய முறையை ஆய்வுகூடம் சோதித்துப் பார்க்கும் இடத்தில் மனையியலும் இரசாயனமும் கைகோக்கின்றன.

இனிக் கடல். புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவுக்குப் படகிற் செல்ல ஏறத்தாழ ஒரு மணி நேரமாகும். தீவிலே வைத்தியசாலை உண்டு. ஆயினும் பெரிய சத்திர சிகிச்சை வேண்டுமெனின் யாழ்ப்பாணம் செல்லவே வேண்டும். காற்றடித்துக் கடல் கொந்தளிக்கும் இரவில் ஒரு தாய்க்குப் பேற்று வேதனை கடுமையாயின், அவ்வேளையில் அவளுக்கு மருந்து யாது? படகு, படகோட்டி, துறையில் விளக்கு, அக்கரையிற் காத்து நிற்கும் வாகனம். இவற்றுக்குப் பணம் ஒதுக்குவது பொருளியலும் ஆட்சியியலும். மருத்துவ நூலில் இம்மருந்துகள் எழுதப்படவில்லை என்பதனால் அவை மருந்தல்ல ஆகிவிடுமா?

இவ்வாறு துறைகள் கூடி வென்ற வரலாறு உலகில் உண்டு. அமெரிக்காவின் தென் மாநிலங்களிற் பெலாக்ரா என்னும் கொடுநோய் பரவியபோது, அதனைத் தொற்றுநோயென்றே பலர் கருதினர். 1914 இல் அதனை ஆராய அனுப்பப்பட்ட மருத்துவர் ஜோசப் கோல்ட்பேகர், உணவுக் குறைவே காரணமெனக் கண்டார். அத்துடன் அவர் அமையவில்லை. எட்கர் சைடன்ஸ்ரிக்கர் என்னும் பொருளியலாளரைத் துணைக்கொண்டு, 1916 இல் தென் கரோலினாவின் பருத்தியாலைக் கிராமங்களில் வீடு வீடாக வருமானத்தையும் உணவையும் கணக்கெடுத்தார். பாலும் புதிய இறைச்சியும் வாங்க இயலாத வீடுகளையே நோய் மிகுதியாக நாடிற்று. நோயைத் தடுக்கும் சத்து நிக்கொட்டினிக் அமிலம் என்று தெரிந்தது 1937 இலேதான். சத்தின் பெயர் தெரியுமுன்னரே நோயின் வேர் வறுமையிலும் உணவிலும் உள்ளதெனத் தெரிந்துவிட்டது.

நம் நாட்டிலும் இதற்கு வாய்ப்பில்லாமலில்லை. 1974 இல் வளாகமாகத் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1978 இல் மருத்துவ பீடம் அமைந்தது. விவசாயமும் சித்த மருத்துவமும் புவியியலும் சமூகவியலும் தமிழும் அதே பல்கலைக்கழகத்தின் குடையின்கீழ் உள்ளன. அங்கே சமுதாய மருத்துவப் பேராசிரியராக விளங்கிய சிவஞானசுந்தரம் அவர்களே ‘நந்தி’ என்னும் புனைபெயரில் நாவலும் சிறுகதையும் படைத்தவர். ‘மலைக்கொழுந்து’ என்னும் நாவலிலே தோட்டத் தொழிலாளரின் வாழ்வை எழுதிய கைதான் மருத்துவ மாணவருக்குப் பாடமும் எழுதிற்று. நோயாளியை அறிவதும் மனிதனை அறிவதும் வேறல்ல என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

நாம் வேண்டுவது பெரிதொன்றன்று. மருத்துவம், விவசாயம், புவியியல், சமூகவியல், தமிழ் பயிலும் ஐவர், ஒரே கேள்வியுடன் ஒரே தீவுக்குச் செல்லட்டும். கோடையில் ஒருமுறையும் மாரியில் ஒருமுறையும் தங்கட்டும். கண்டதை அத்தீவு மக்களுக்கு விளங்கும் தமிழில் அவர்களிடமே சொல்லட்டும். தாம் கொடுத்த விடைகள் எங்கே போயின என்று அறியாத மக்கள் அடுத்த முறை கதவைத் திறவார்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். உயர்தர வகுப்பிற் பிள்ளை உயிரியல் கற்றாற்றான் நோய் தீர்க்கும் தொழிலுக்கு உரியவன் என்று எண்ணுகிறோம். கலைப்பிரிவிற் சேர்ந்த மகளைக் குறித்து மனம் வருந்துகிறோம். நெடுந்தீவின் கிணற்றையும் படகையும் எண்ணிப் பார்த்தால் அவ்வருத்தம் வேண்டாததென விளங்கும். நீரைக் காப்பவளும், படகுக்குப் பணம் ஒதுக்குபவளும், தாய்மார் சொல்வதைச் செவிமடுத்து எழுதுபவளும் உயிர் காப்பவர்களே. அவர்களையும் அவ்வாறு மதித்து வளர்ப்பது நம் கடனாகும்.